வக்கீல் கொடுக்கல் வாங்கலில் ஏமாற்றினால்: பார் கவுன்சிலில் புகார் கொடுப்பது எப்படி?

அந்த வக்கீல் உங்கள் வழக்கை நடத்தியவர் இல்லை. அவரிடம் நீங்கள் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதும் இல்லை. ஆனால் கைமாற்றாக வாங்கிய பணத்தைத் தராமல் இழுத்தடிக்கிறார். அல்லது ஏற்கெனவே வேறொருவருக்கு விற்றுவிட்ட மனையைக் காட்டி உங்களிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். அல்லது கூட்டுத் தொழில் என்று சொல்லி, போலிக் கையெழுத்துள்ள பத்திரத்தை நீட்டியிருக்கிறார். காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர், பேசி முடிச்சுக்குங்க" என்கிறார்கள். வக்கீல்களைப் பதிவு செய்து, தவறினால் தண்டிக்கும் அமைப்பான பார் கவுன்சிலுக்குப் போகலாமா என்று விசாரித்தால், "அது கட்சிக்காரங்க புகாருக்கு மட்டும்தான்" என்று ஒருவர் சொல்வார். "ஒரு மனு போடு, பதிவையே ரத்து பண்ணிடுவாங்க" என்று இன்னொருவர் சொல்வார். இருவர் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம்.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 35ஆம் பிரிவு. தொழில் சார்ந்த தவறான நடத்தை "அல்லது பிற தவறான நடத்தை" என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தச் சொற்றொடர் 1926ஆம் ஆண்டு பார் கவுன்சில்கள் சட்டத்திலேயே இருந்தது. வக்கீல் அங்கி போடாத நேரத்தில் செய்த காரியமும் அவருடைய தொழில் தகுதியைப் பாதிக்கலாம் என்பதற்கு இதுதான் அடிப்படை. எந்தக் காரியம் பாதிக்கும், எது பாதிக்காது என்பதைச் சட்டம் பட்டியல் போடவில்லை. அதனால் புகார் எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டியது கொஞ்சம் அதிகம்.

முதலில், இது கடனா மோசடியா என்று பாருங்கள்

பெரும்பாலான புகார்கள் விழுவது இங்கேதான். ஒரு வக்கீல் உங்களிடம் 3 லட்சம் ரூபாய் வாங்கினார், புரோநோட்டு எழுதிக் கொடுத்தார், இரண்டு வருடம் வட்டியும் கட்டினார், அப்புறம் கட்டவில்லை என்றால் அது கடன் பாக்கி. அதற்கு இடம் சிவில் நீதிமன்றம். பார் கவுன்சில் பணம் வசூலித்துத் தரும் இடம் இல்லை. இந்தப் புகாரை அங்கே கொண்டுபோனால், "இது முழுக்க சிவில் தகராறு, பணம் பிடுங்குவதற்காக என் தொழிலை மிரட்டுகிறார்" என்று அவர் பதில் போடுவார். அது எடுபடும்.

அதே 3 லட்சத்தை, இல்லாத சொத்தை அடமானமாகக் காட்டியோ, வேறொருவர் கையெழுத்தைப் போலியாகப் போட்ட பத்திரத்தைக் கொடுத்தோ வாங்கியிருந்தால் கதை வேறு. நான் பார்த்தவரை, தனிப்பட்ட விவகாரங்களில் கவனிக்க வேண்டியவை மூன்று. வாங்கும்போதே பொய் இருந்ததா? போலி ஆவணம் ஏதாவது உண்டா? வக்கீல் என்ற அந்தஸ்தைக் காட்டி உங்கள் நம்பிக்கையைப் பெற்றாரா? மூன்றாவதைப் பலரும் மனுவில் எழுதவே மறந்துவிடுகிறார்கள். "நானே வக்கீல், லீகல் ஒப்பீனியன் எல்லாம் வேண்டாம்", "ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணத் தேவையில்லை, நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொல்லியிருந்தால், அல்லது தன் லெட்டர்பேடில் ரசீது எழுதிக் கொடுத்திருந்தால், அந்த விஷயம் முழுக்க தனிப்பட்டது என்று அவர் தப்பிக்க முடியாது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொதுவாக அட்வான்ஸ் தொகையைத் தன் கையில் வைத்துக்கொண்டு பிறகு கொடுக்க மறுப்பதும் இந்த வகைதான்.

நீதிமன்றங்கள் கோட்டை எங்கே போடுகின்றன என்பதற்குச் சில தீர்ப்புகளைச் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் ஒரு வக்கீல் தன் எதிராளியை நீதிமன்ற அறையிலேயே கத்தியால் தாக்கினார். கொலை முயற்சிக்காக மூன்று ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. சிறைக்குப் போகாமல் இருக்க, ஆளுநர் தண்டனையை நிறுத்திவைத்ததாக ஒரு போலிக் கடிதமும் வந்தது. இதில் எந்தக் கட்சிக்காரரையும் அவர் ஏமாற்றவில்லை. ஆனாலும் 1997இல் உச்ச நீதிமன்றம் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கச் சொன்னது. அதே 1997இல் இன்னொரு தீர்ப்பு: தன் கட்சிக்காரரின் வழக்கில் சிக்கியிருந்த சொத்தின் ஒரு பகுதியைத் தானே விலைக்கு வாங்கி, பிறகு லாபத்துக்கு விற்ற வக்கீலுக்கு ஓராண்டு சஸ்பெண்டு. அவர் விலை கொடுத்துத்தான் வாங்கினார், ஆனாலும் தப்பவில்லை. 2003இல், மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையிலிருந்த கட்சிக்காரர்களிடம் பவர் பத்திரம் வாங்கி, அவர்கள் நிலத்தை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்ட வக்கீலுக்கு நிரந்தரத் தடை உறுதியானது.

மறுபக்கமும் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டு வழக்கு ஒன்றில் வக்கீல் ஒருவர் தானே ஒரு தரப்பாக இருந்தார். எதிர்த் தரப்புக்காரரை அடித்து மிரட்டினார் என்று புகார். அது உச்ச நீதிமன்றம் வரை போயும் 2004இல் நிற்கவில்லை. அடிதடி, வாய்ச்சண்டை, அண்டை வீட்டுத் தகராறு என்று வரும் தனிப்பட்ட புகார்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு எச்சரிக்கை. அலட்சியம் மட்டும் போதாது, அதில் நேர்மைக்கேடு இருக்க வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் 1963லேயே சொல்லிவிட்டது.

நீங்கள் அவருக்கு யார்?

2025 செப்டம்பரில் மகாராஷ்டிரா, கோவா பார் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. தொழில் சார்ந்த தவறு என்று புகார் கொடுப்பவருக்கும் அந்த வக்கீலுக்கும் இடையே பொதுவாக வக்கீல் - கட்சிக்காரர் போன்ற சட்டபூர்வமான உறவு இருக்க வேண்டும் என்றது. எதிர்த் தரப்பு வக்கீல் மீது கோபத்தில் போடப்படும் புகார்களை அடக்கத்தான் இது. உங்கள் மனுவுக்கு இதனால் என்ன? நீங்கள் கட்சிக்காரர் இல்லை என்றால், "என் வழக்கை ஒழுங்காக நடத்தவில்லை" என்கிற தொனியே மனுவில் வரக்கூடாது. என்னோடு நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் செய்தார், அதில் இப்படி ஏமாற்றினார், இது "பிற தவறான நடத்தை" என்று முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

ஒருவேளை நீங்கள் அவருடைய பழைய கட்சிக்காரராகவும் இருந்தால் உங்கள் நிலை பலமானது. வக்கீல்களின் நடத்தை விதிகள் அப்போது நேரடியாக உதவும். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். கையிலிருக்கும் கட்சிக்காரர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடே செய்யக்கூடாது. "உங்க நஷ்ட ஈட்டுப் பணம் எங்கிட்டயே இருக்கட்டும், வட்டி போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் வக்கீல்கள் இந்த விதியைத்தான் மீறுகிறார்கள். நிலம் கையகப்படுத்திய வகையில் முதியவர் ஒருவருக்கு வந்த 8,118 ரூபாயை எடுத்துக்கொண்டு, சமரசமாகிவிட்டது என்று போலி உறுதிமொழிப் பத்திரமும் தாக்கல் செய்த வக்கீலுக்கு, மாநிலக் கவுன்சில்களுக்கு மேலே உள்ள இந்திய பார் கவுன்சில் மூன்றாண்டு சஸ்பெண்டு கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அது போதாது என்று 2002இல் பெயரையே நீக்கியது. தொகை சின்னதுதானே என்று புகார் கொடுக்கத் தயங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பார் கவுன்சில்?

அவர் பெயர் எந்த மாநிலப் பதிவேட்டில் இருக்கிறதோ அங்கே. சம்பவம் எங்கே நடந்தது, அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பதிவானவர்களுக்கு ஒரே கவுன்சில்தான், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. பெங்களூரில் பதிவு செய்துவிட்டு ஓசூரில் அலுவலகம் வைத்திருப்பவர் மீது கர்நாடகக் கவுன்சிலில்தான் கொடுக்க வேண்டும். அவர் போட்ட வக்காலத்து, அனுப்பிய நோட்டீஸ், ரப்பர் ஸ்டாம்பு இவற்றில் பதிவு எண் இருக்கும். அதை வைத்து அவர் உண்மையில் வக்கீல்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிவே இல்லாமல் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிபவர் என்றால் பார் கவுன்சில் விசாரணை அவர் மீது பாயாது, அது நேராகப் போலீஸ் வேலை.

ஊரிலிருக்கும் வக்கீல்கள் சங்கத்தில் மனு கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சங்கம் பேசிப் பார்க்கும், சில நேரம் பணமும் வாங்கித் தரும். ஆனால் 35ஆம் பிரிவின் கீழ் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தனிப்பட்ட கடன் அந்தச் சட்டத்துக்குள் எப்போதுமே வந்ததில்லை.

ஆவணங்களைச் சேர்ப்பது

இதில் அவசரப்படாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை பாதி குற்றவியல் தன்மை கொண்டது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சிவில் வழக்கில் யார் சொல்வது அதிகம் நம்பும்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். இங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் அதன் பலன் வக்கீலுக்கு. ஒருவருடைய பிழைப்பே போகிற விஷயம், அதனால் இந்தக் கண்டிப்பு நியாயம்தான் என்பது என் எண்ணம். ஏமாந்தவருக்கு அது கசக்கும், தெரியும்.

பணம் போன வழியை முதலில் நிறுவுங்கள்: வங்கிக் கணக்கு விவரம், யுபிஐ பதிவு, செக் திரும்பியதற்கான வங்கி மெமோ. ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அன்று வங்கியிலிருந்து எடுத்த பதிவும் கூட இருந்தவர்களின் சாட்சியும் வேண்டும். சொத்து விவகாரம் என்றால் வில்லங்கச் சான்று எடுத்துவிடுங்கள். உங்களிடம் அட்வான்ஸ் வாங்கிய தேதிக்கு முன்பே அதே மனை வேறு பெயருக்குப் போயிருப்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவிலேயே தெரிந்தால், "வாங்கும்போதே பொய்" என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நிற்காமல், அந்தப் போனையே பத்திரமாக வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அசல் கருவி தேவைப்படும்.

வேறு வழக்குகளில் அவர் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரங்களையும் தேடிப் பாருங்கள். உங்களிடம் "பணம் வாங்கவே இல்லை" என்பவர், செக் வழக்கில் "வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதியிருப்பார். நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு அதன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதே முறையில் ஏமாந்த வேறு ஆட்கள் இருந்தால் ஆளுக்கொரு மனு போடச் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் தேதிகள் குழம்பி, குறுக்கு விசாரணையில் எல்லாம் சேர்ந்து கவிழும்.

மனு எழுதுவது

தமிழிலேயே எழுதலாம். மாநில மொழியில் கொடுக்கும் புகாரை ஏற்க விதி இருக்கிறது. விஷயம் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும்போது ஆங்கிலத்தில் பெயர்ப்பது மாநிலக் கவுன்சிலின் பொறுப்பு. வக்கீல் வைத்துத்தான் போட வேண்டும் என்றும் இல்லை. உள்ளூரில் எந்த வக்கீலும் சக வக்கீல் மீது மனு எழுத முன்வராதபோது இது பெரிய உதவி.

வெறும் கடிதமாக அனுப்பாதீர்கள். மனு வடிவில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், சிவில் நடைமுறைச் சட்டம் கேட்கும் உறுதிமொழி கடைசியில் வேண்டும். அதாவது எந்தெந்தப் பத்திகள் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தவை, எவை கேள்விப்பட்டு நம்புபவை என்று பிரித்துச் சொல்லி, இடம், தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். எவ்வளவு, எத்தனை பிரதி என்பதைக் கவுன்சில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குறை இருந்தால் செயலாளர் சரிசெய்யச் சொல்லித் திருப்புவார். அதற்குப் பயப்பட வேண்டாம்.

தேதி வரிசையில் சுருக்கமாக எழுதுங்கள். யார், எப்போது, என்ன சொன்னார், அது எப்படிப் பொய், எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது. "இந்தப் பாவி", "வக்கீல் தொழிலுக்கே களங்கம்" என்ற வரிகளையெல்லாம் அடித்துவிடுங்கள். அவற்றைப் படித்துக் குழு கோபப்படப் போவதில்லை, உங்களுக்கு முன்விரோதம் இருக்கிறது என்று எதிர்த் தரப்பு அவற்றையே காட்டும். கோரிக்கையிலும் கவனம் வேண்டும். "என் பணத்தை வாங்கித் தரவும்" என்று கேட்காதீர்கள். 35ஆம் பிரிவின் கீழ் விசாரித்து நடவடிக்கை எடுக்கக் கேளுங்கள்.

இரண்டு விஷயங்களைச் செய்யவே கூடாது. "பணத்தைத் தராவிட்டால் பார் கவுன்சிலுக்குப் போவேன்" என்று அவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள், அது மிரட்டிப் பணம் பறிப்பதாகத் திரிக்கப்படும். மனுவின் நகலை பேஸ்புக்கில் போடாதீர்கள். அதிகாரம் உள்ள அமைப்பிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறு சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. முகநூல் பதிவுக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

பணத்துக்கான வழியைத் தனியாக ஓட்டுங்கள்

பார் கவுன்சில் புகார் கொடுத்ததால் வேறு எந்தக் காலக்கெடுவும் நிற்காது. செக் திரும்பியிருந்தால் 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். கடனை வசூலிக்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து புரோநோட்டைக் காலாவதியாக்கியவர்கள் ஏராளம், அந்த வக்கீலுக்கும் அது தெரியும். மோசடி, நம்பிக்கை மோசடிக்குப் போலீஸ் புகாரும் தனியாகக் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடந்தவை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வரும். குற்ற வழக்கில் தண்டனை கிடைத்தால் அந்தத் தீர்ப்பின் நகலை உடனே கவுன்சிலில் சேர்த்துவிடுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கையில் பணம் கிடைத்த கதை ஒன்று உண்டு. சென்னையில் வயதான, காது கேளாத ஒருவரும் அவர் மனைவியும் புரோநோட்டுகளைக் கொடுத்து வழக்குப் போடச் சொல்ல, போடாமலேயே போட்டதாக ஏமாற்றினார் ஒரு வக்கீல். மாநிலக் கவுன்சில் ஆறாண்டு சஸ்பெண்டு செய்தது, இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாக்கியது. 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கவும் இலவச சட்ட உதவி அமைப்பில் வேலை செய்யவும் உத்தரவிட்டார். அந்த அமர்விலேயே இன்னொரு நீதிபதி இதற்கு உடன்படவில்லை. மனிதாபிமானமான உத்தரவுதான், ஆனால் அதை நம்பி யாரும் மனுப் போட வேண்டாம்.

கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

கவுன்சில் உடனே விசாரணையைத் தொடங்கிவிடாது. உங்களிடம் கூடுதல் விவரம் கேட்கலாம், வக்கீலின் விளக்கத்தையும் கேட்கலாம். தவறு நடந்திருப்பதாக நம்புவதற்குக் காரணம் இருந்தால்தான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர். மூவருமே வக்கீல்கள் என்பது பலருக்கு உறுத்தும். நியாயமான உறுத்தல்தான், ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது.

குழுவுக்குச் சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. நீங்கள் சாட்சிக் கூண்டேற வேண்டும், குறுக்கு விசாரணை நடக்கும், அதைச் செய்பவர் பெரும்பாலும் கைதேர்ந்த சீனியராக இருப்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வாய்தா வாங்கிக்கொண்டே போவார்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் ஆஜராவது முக்கியம். குழு செலவுத் தொகையும் விதிக்கலாம், அது உங்கள் பக்கமும் திரும்பலாம்.

நடுவில் சமரசப் பேச்சு வரும், அநேகமாகப் பணத்தோடு வரும். வாங்கிக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் புகாரைத் திரும்பப் பெற்றார், சமரசமாகிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் "இனி எந்தப் புகாரும் இருக்காது என்று உத்தரவாதம் கொடு" என்று எழுதிக் கேட்டால் கையெழுத்திடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. பணம் வந்ததற்கு ரசீது கொடுங்கள், போதும்.

ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடியாவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். பல புகார்கள் அதையும் தாண்டி இழுத்ததால்தான் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மாநிலக் கவுன்சில்கள் ஓராண்டுக்குள் முடிக்கவும், மாற்றலாகி வருபவற்றை இந்திய பார் கவுன்சிலும் ஓராண்டுக்குள் முடிக்கவும் சொன்னது. உங்கள் மனு பெறப்பட்ட தேதிக்கு ஒப்புகை வாங்கி வைத்திருந்தால்தான் இந்த ஓராண்டைக் கணக்கிட முடியும்.

முடிவில் குழு நான்கில் ஒன்றைச் செய்யும்: புகாரைத் தள்ளுபடி செய்வது, கண்டிப்பது, குறிப்பிட்ட காலத்துக்கு சஸ்பெண்டு செய்வது, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது. தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலில் நேரடியாகப் பெயர் நீக்கம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். போலி ஆவணமோ குற்றத் தண்டனையோ இருந்தால்தான் அந்த அளவுக்குப் போகும்.

முடிவு திருப்தி இல்லை என்றால் இந்திய பார் கவுன்சிலுக்கு 60 நாளுக்குள் மேல்முறையீடு, அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு இன்னொரு 60 நாள். வக்கீலும் இதே வழியில் போவார். தண்டனை போதாது என்று நீங்களும் போகலாம். குழுவுக்கே அனுப்பாமல் கவுன்சில் உங்கள் புகாரை முடித்துவிட்டால் 48ஏ பிரிவின் கீழ் இந்திய பார் கவுன்சிலிடம் சீராய்வு கேட்கலாம். 60 நாள் என்பது உத்தரவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து ஓடும். அதனால் அது வந்த தபால் உறையை, முத்திரைத் தேதி தெரியும்படி, உத்தரவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.